மடிக்கணினி மாறலாம், கணக்கு மாறக்கூடாது!



1989-ல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாகத் தொடங்கியது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். அன்றைக்கு நோட்டில் எழுதிய கணக்கை இன்றைக்கு மடிக்கணினியில் ஏற்றுகிறோம். அந்த மடிக்கணினிக்குப் புது இயங்குதளம் போடும்போது என்ன கவனிக்கணும்? வத்தல்மலையில் நாங்கள் பட்ட பாட்டிலிருந்தே சொல்கிறோம்.

இயங்குதளம் என்றால் என்ன?

மெஷினை இயக்குகிற அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் இன்னொன்று. வீடு மடிக்கணினி என்றால், கூரை இயங்குதளம். கூரை பழசானால் ஒழுகும். கூரை மாற்றுவதற்கு முன்னாடி சாமை மூட்டையை வெளியே எடுத்து வைப்போம் இல்லையா? நம்ம கணக்குதான் அந்த மூட்டை.

எங்களுக்கு நடந்தது

எங்களிடம் இருந்தது, ஒரு உறுப்பினரின் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த அரசு மடிக்கணினி. உள்ளே விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரி 14-ல் நின்றது. 2023 தொடக்கத்தில் கூகுள் குரோமின் புதிய பதிப்புகளும் நின்றன. கொஞ்ச நாளில் வங்கிப் பக்கம் திறக்க மறுத்தது.

கீழே டவுனில் ஒரு கடையில் கொடுத்து, "புது விண்டோஸ் போட்டுக் குடுங்க" என்றோம். சாயங்காலம் புதுசு மாதிரி வந்தது. ஆனால் கணக்கு ஒன்றுகூட இல்லை! நகல் எடுக்கச் சொல்லாதது எங்கள் தப்பு. பென்டிரைவில் இருந்தது நாலு மாதம் முந்தைய நகல். பாஸ் புத்தகம், தீர்மானப் புத்தகம், வங்கி அறிக்கை எல்லாம் வைத்து மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினோம்.

அப்போது ஒரு சகோதரி, "நான் ரெண்டு தவணை கட்டினேன் அக்கா. இதுல ஒண்ணுதானே இருக்கு?" என்று கேட்டார். அவர் பாஸ் புத்தகத்திலும் ஒன்றுதான் இருந்தது. கூட்டத்தில் யாரும் பேசவில்லை. கடைசியில் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் அந்தத் தவணை கிடைத்தது. அந்த அடிக்கட்டை இல்லாவிட்டால், கட்டின பணத்துக்கே அவர் கடன்காரியாக நின்றிருப்பார்.

படி 1: நகல் எடுங்கள், திறந்து பாருங்கள்

இரண்டு பென்டிரைவில் நகல் எடுங்கள். ஒன்று தலைவியிடம், ஒன்று கணக்காளரிடம் இருக்கட்டும். இரண்டையும் வேறொரு கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பக்கூடாது.

இன்னொரு விஷயம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழை அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்தெல்லாம் கிறுக்கலாகத் தெரியும். பயப்படாதீர்கள், கணக்கு அழியவில்லை. எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகல் எடுங்கள். இனிமேல் யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை வராது. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

படி 2: மெஷின் தாங்குமா?

'கம்ப்யூட்டர்' படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'பிராப்பர்டீஸ்' பாருங்கள். ரேம் எவ்வளவு, 32 பிட்டா 64 பிட்டா என்று காட்டும்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, அது ஏற்கிற புது பிராசசர் எல்லாம் வேண்டும். பழைய அரசு மடிக்கணினி இதைத் தாங்காது. "எப்படியாவது போட்டுத் தர்றேன்" என்று யாராவது திருட்டு நகல் போட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் வைரஸ் ஒளிந்திருக்கலாம். நம்ம வங்கிக் கடவுச்சொல்லும் அதே மெஷினில்தான் இருக்கிறது.

லினக்ஸ் மின்ட் 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் நல்லது. காசு கிடையாது, சட்டப்படி சரியானது. லினக்ஸ் நமக்குப் புதுசும் இல்லை. அரசு கொடுத்த பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' இருந்தது. நாம்தான் திறந்து பார்க்கவில்லை!

ஆனால் உங்கள் கணக்கு டேலியில் இருந்தால் அது லினக்ஸில் நேராக ஓடாது. எக்செல் கணக்கு என்றால் லிப்ரே ஆபீஸில் திறக்கலாம்.

படி 3: போடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா, தமிழ் தெரிகிறதா, கணக்குக் கோப்பு திறக்கிறதா, வங்கிப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் மட்டும் போடுங்கள்.

படி 4: போடும் நாள்

மழை, இடி இல்லாத நாளாகப் பாருங்கள். பேட்டரி நிறைய சார்ஜ் இருக்கட்டும், கரண்ட் இணைப்பும் இருக்கட்டும். பாதியில் நின்றால் மெஷின் கிளம்பாமல் போகலாம். 'எரேஸ் டிஸ்க்' என்று கேட்டால், எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்கிறது என்று அர்த்தம். நகலை இன்னொரு தடவை உறுதி செய்த பிறகே 'சரி' கொடுங்கள். கடையில் கொடுத்தாலும் நம்மில் ஒருவர் கூடவே உட்காருங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம்ம கணக்கின் நகல் எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது எடுத்தோம்?
2. அதைத் திறந்து பார்த்தது யார்?
3. ரசீது அடிக்கட்டைகள் பத்திரமாக இருக்கின்றனவா?

மெஷின் வந்துவிட்டது என்று நோட்டை மூடிவிடாதீர்கள். கணக்கில் இருப்பது வெறும் எண் இல்லை சகோதரிகளே, ஒவ்வொருத்தியும் வியர்வை சிந்திக் கட்டின காசு!