நிர்வாகி உரிமையற்ற கணினிகளில் தமிழாய்வு மென்பொருள்கள்

முன்னுரை

கல்வி நிறுவனக் கணினிக் கூடங்களில் மாணவர்க்குப் பெரும்பாலும் வரையறுக்கப்பட்ட பயனர் கணக்கே வழங்கப்படுகிறது. சொந்தக் கணினி இல்லாத ஆய்வாளர் தட்டச்சிற்கோ சொல்லடைவு ஆக்கத்திற்கோ அங்கு மென்பொருள் நிறுவ முற்படும்போது நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படுகிறது. இத்தடையை மீறாமல் ஆய்வுப்பணி எந்த அளவு இயலும் என்பதை விண்டோஸ் இயக்கமுறைமையை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

தடையின் இயல்பு

நிறுவுதல் என்பது இருவகைப்படும். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறை, வன்பொருள் இயக்கிகள் போன்ற பொதுப்பகுதிகளை மாற்றுதல் ஒன்று. பயனர் தம் கோப்புறைக்குள் மட்டும் மென்பொருளை வைத்து இயக்குதல் மற்றொன்று. நிர்வாகி உரிமை முன்னதற்கே இன்றியமையாதது. ஒருவர் அறியாது நிறுவும் தீநிரல் பிறர் கோப்புகளையும் தாக்காதிருக்கவே இவ்வேற்பாடு அமைந்துள்ளது.

தமிழ்ப் பணிக்குரிய வழிகள்

விண்டோஸ் 2000 முதல் ஒருங்குறித் தமிழ் விசைப்பலகை இயக்கமுறைமையிலேயே இடம்பெறுகிறது. பிற்காலப் பதிப்புகளில் அதனைப் பயனர் தம் கணக்கிற்கு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். இதனை அறியாதார் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடுகின்றனர். அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் குறியெண்களில் அமைந்திருப்பதால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பனுவல் பொருளற்ற குறிகளாகிவிடுகிறது. சொல் தேடலும் இயலாது போகிறது. ஒருங்குறி எழுத்துருக்களை விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பு முதல் பயனர் தமக்கு மட்டும் நிறுவலாம்.

லாரன்ஸ் அந்தோனி உருவாக்கிய ஆன்ட்காங்க் என்னும் சொல்லடைவு மென்பொருள், நிறுவத் தேவையற்ற வடிவிலும் கிடைக்கிறது. அதன் அமைப்பில் எழுத்து வகையுடன் குறி வகையையும் சேர்த்தல் வேண்டும். சேர்க்காவிடில் உயிர்க்குறிகள் விடுபட்டு, 'காடு' என்னும் சொல் 'க', 'ட' எனப் பிரிந்து எண்ணப்படும். அத்தகைய எண்ணிக்கையின் மேல் எழும் முடிபும் பிழைபடும்.

வரம்புகள்

பயனர் கோப்புறையிலுள்ள நிரல்களையும் இயங்கவிடாது நிறுவனம் தடுத்திருக்கக்கூடும். அந்நிலையில் பிறர் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவது முறையன்று. மென்பொருளின் பெயர், பதிப்பு, ஆய்வுத்தேவை ஆகியவற்றைக் குறித்துக் கணினிப் பொறுப்பாளரிடம் எழுத்துவழி வேண்டுவதே தக்கது. இயக்க இசைவுள்ள இடத்தும் உருவாக்கியவரின் தளத்திலிருந்தே மென்பொருளைப் பெறுதல் வேண்டும். நிர்வாகி உரிமை இல்லாவிடினும் தீநிரல் பயனரின் சொந்தக் கோப்புகளை அழிக்க வல்லது.

முடிவுரை

தமிழாய்வின் அடிப்படைத் தேவைகளான தட்டச்சும் சொல்லடைவும் கணினியின் பொதுப்பகுதியை மாற்றாமலே நிறைவேறத்தக்கன என்பது இதனால் புலனாகிறது. துறைதோறும் ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் இது கற்பிக்கப்படின், சொந்தக் கணினியின்மை ஆய்வுக்குத் தடையாவது பெரிதும் குறையும்.