உருவம் துறந்த ஓவியங்கள்

செர்மனி நாட்டின் தென்பகுதியில், ஈசர் ஆற்றங்கரையில் அமைந்த பெருநகரம் மியூனிக். பணியின் பொருட்டு அங்கு வாழும் என் மகனுடன் சில திங்கள் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஒருநாள் காலை அவன், "அப்பா, இன்று காண்டின்ஸ்கியின் ஓவியங்களைப் பார்த்து வருவோம்" என்றான். அருவ ஓவியத்திற்கு வழிகாட்டிய முன்னோடிகளுள் வாசிலி காண்டின்ஸ்கி ஒருவர் என்று கேள்வியுற்றிருந்தேன். மலை, மரம், மாந்தர் என எவ்வுருவத்தையும் காட்டாது, கோட்டையும் வண்ணத்தையும் மட்டுமே கொண்டு நிற்பதை அருவ ஓவியம் என்பர். "பொருளே இல்லாத படத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் பயிற்றியவன் நான்; சொல்தோறும் பொருள் தேடிப் பழகிய மனம் அவ்வாறுதான் கேட்கும். மகன் மறுமொழி கூறாமல் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டான்.

லென்பாக் என்னும் ஓவியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமக்கெனக் கட்டிக்கொண்ட மஞ்சள் நிற மாளிகை இன்று அந்நகரத்தின் ஓவியக்கூடங்களுள் ஒன்றாக விளங்குகிறது. காண்டின்ஸ்கியின் படங்கள் பல அங்கே உள்ளன. அவர் 1866ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தவர், சட்டம் பயின்றவர். மோனே என்னும் பிரெஞ்சு ஓவியர் தீட்டிய வைக்கோற்போர்ப் படம் ஒன்றை அவர் ஒரு கண்காட்சியில் கண்டார். அது வைக்கோற்போர் என்பது முதலில் அவருக்கு விளங்கவில்லை. பட்டியலைப் பார்த்தே அறிந்துகொண்டார். ஆயினும் அவ்வண்ணங்கள் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. தமக்கு வாய்த்த பேராசிரியர் பதவியை ஏலாது, 1896இல் ஓவியம் கற்க மியூனிக் வந்து சேர்ந்தார். பின்னொரு நாள் அந்திப் பொழுதில் வீடு திரும்பியவர், அறையில் பேரழகு வாய்ந்த ஓவியம் ஒன்றைக் கண்டு திகைத்தார். அருகில் சென்று பார்த்தபோது, அது பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த அவருடைய படமே! உருவம் விளங்காதபோதும் அழகு குன்றவில்லை என்பதை அன்று அவர் உணர்ந்தார்.

முதற்கண் நான் நின்றது, 1909இல் தீட்டிய புகைவண்டிப் படத்தின் முன்னர். முர்னாவ் என்னும் சிற்றூர்ப் பக்கம் கரிய வண்டி ஒன்று வெண்புகை கக்கி விரைகிறது. "இது விளங்குகிறதே!" என்று மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. இரண்டாண்டு கழித்து அவர் தீட்டிய படமொன்றில் மாந்தர் வெறும் கோடுகளாகத் தேய்ந்துவிட்டனர்; ஆழ்ந்த நீலமே எங்கும் பரவியுள்ளது. அதனையடுத்து நான் கண்டது, மஞ்சள் வண்ணம் பெருவெள்ளம்போல் பாயும் படம். மேலே கருந்திரள் ஒன்று. கீழே பல நிறங்களில் வளைவுகள். ஒன்றும் விளங்காமல் பெயர்ச்சீட்டைப் படித்தேன். 'கச்சேரி' என்றிருந்தது.

1911ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஷோன்பெர்க் என்னும் இசைப்புலவரின் புதுமையான இசையை மியூனிக்கில் கேட்ட காண்டின்ஸ்கி, சில நாள்களுக்குள் தீட்டிய ஓவியம் அது. கருந்திரள் பியானோ, வளைவுகள் கேட்போர் கூட்டம். மஞ்சள் எது? அதுதான் இசை!

மாணவர்களே, நம் இசைவாணர் பாட்டைத் தொடங்குமுன் இராகத்தை ஆலாபனை செய்வதைக் கேட்டிருப்பீர்கள். அதில் சொல் இல்லை, ஆயினும் முகாரி இராகத்தைக் கேட்டு உருகுவோர் எவரும், "இதற்குப் பொருள் யாது?" என்று வினவுவதில்லை. பொருள் என்னும் நம் சொல், கண்ணால் காணும் பண்டத்தையும் குறிக்கும், கருத்தையும் குறிக்கும். படத்தில் பண்டம் இல்லை என்பதனால் கருத்தும் இல்லை என்று நான் மயங்கியிருந்தேன். இருப்பினும் அங்கிருந்த படங்கள் எல்லாம் என்னைக் கவர்ந்தன என்று கூறுவது பொய்யாகும். சிலவற்றை விரைந்து கடந்தேன்.

வெளியே வந்து, அருகிலுள்ள அரசர் சதுக்கத்தில் சற்று அமர்ந்தோம். 1933ஆம் ஆண்டு மே திங்களில் நாசிகள் நூல்களைக் குவித்து எரித்த இடம் அது. ஏடு தேடி அலைந்தோரைப் போற்றும் மொழியில் பிறந்த எனக்கு அப்புல்தரையைக் காணவே மனம் கூசியது. "இப்படங்கள் எவ்வாறு தப்பின?" என்று கேட்டேன். மகன் கூறலானான்.

கேப்ரியல் மூன்டர் என்னும் அம்மையார் காண்டின்ஸ்கியிடம் மாணவியாகச் சேர்ந்து, பின்னர் அவர்தம் துணைவியாகப் பல்லாண்டு உடன் வாழ்ந்தவர். தாமும் சிறந்த ஓவியர். 1914இல் போர் மூண்டதும், உருசியராகிய காண்டின்ஸ்கி பகைநாட்டவர் ஆனார். படங்களை விட்டுவிட்டு வெளியேறினார். 1916இல் சுவீடன் நாட்டில் இருவரும் சந்தித்துப் பிரிந்தனர். மறு ஆண்டே மாஸ்கோவில் அவர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். பெரிய கலைஞரே ஆயினும் அவர் செய்தது அறமன்று என்பேன். பிற்காலத்தில் படங்களைக் கேட்டபோது, 1926இல் அம்மையார் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பினார். எஞ்சியவை அவரிடமே தங்கின.

1937இல் நாசிகள் 'சீர்கெட்ட கலை' என்னும் பெயரால் மியூனிக்கிலேயே ஒரு கண்காட்சி நடத்திப் புதிய ஓவியங்களை எள்ளி நகையாடினர். காண்டின்ஸ்கியின் படங்களும் அவற்றுள் இருந்தன. அக்காலத்தில் மூன்டர், தம்மிடம் இருந்தவற்றை முர்னாவிலுள்ள தம் வீட்டு நிலவறையில் மறைத்து வைத்துக் காத்தார். தம்மைக் கைவிட்டவரின் படைப்புகள் அவை! காண்டின்ஸ்கி 1944இல் பாரிசை அடுத்த புறநகரில் மறைந்தார். 1957இல், தம் எண்பதாம் பிறந்தநாளையொட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருள்களை மூன்டர் மியூனிக் நகருக்குக் கொடையாக வழங்கினார். காண்டின்ஸ்கியின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் மட்டும் ஏறத்தாழத் தொண்ணூறு. சிறிது தொலைவிலுள்ள மற்றோர் ஓவியக்கூடத்திலும் 1913இல் அவர் தீட்டிய படம் ஒன்றைப் பின்னர்க் கண்டோம். ஆயின் என் நினைவெல்லாம் அந்நிலவறையிலேயே இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மகனை அழைக்காமல் லென்பாக் மாளிகைக்கு மீண்டும் சென்றேன். கச்சேரி ஓவியத்தின் எதிரே நின்றேன். இம்முறை பெயர்ச்சீட்டைப் படிக்கவில்லை, பியானோவைத் தேடவுமில்லை. இருளில் கிடந்த அம்மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காவலர் வந்து கைக்கடிகாரத்தைச் சுட்டிக் காட்டிய பிறகுதான் மாளிகை அடைக்கும் நேரம் ஆகிவிட்டது என்பதை அறிந்தேன்.