முத்திரை வரையும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தமிழ்நாடு அரசு முத்திரையை வெக்டர் கோப்பாக வரைந்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றியதாகவும், அதற்கு நீக்கல் வேண்டுகோள் வந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். உன் கோபம் புரிகிறது. கோபுரத்தின் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாக வரைந்த உழைப்பு படத்தில் தெரிகிறது. “நம் வரிப்பணத்தில் நடக்கிற அரசு. அதன் சின்னத்தை நம் கலைக்களஞ்சியத்தில் போட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறாய். விக்கிப்பீடியாவுக்குப் படம் தருகிற எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்விதான் இது.

பதிலுக்குப் போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தை வரைவது பாதி வேலை. மூல வடிவம் யாருடையது, எப்போது வெளிவந்தது, எந்தச் சட்டத்தை நம்பி இங்கே ஏற்றியிருக்கிறோம் என்று கோப்பின் விவரப் பக்கத்தில் எழுதுவது மீதிப் பாதி. நீ அந்தப் பக்கத்தில் “சொந்தப் படைப்பு” என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிட்டாய். நீக்கல் கேட்டவர் உன் படத்தைக் குறை சொல்லவில்லை, அந்த வரியைத்தான் கேள்வி கேட்கிறார். அவர் கேட்டது சரி.

அரசின் படம் எல்லோருக்கும் பொது என்ற எண்ணம் பெரும்பாலும் அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பழகியதால் வருவது. அந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் தங்கள் பணியின் பகுதியாக உருவாக்கும் எதற்கும் பதிப்புரிமை கிடையாது என்கிறது. நாசா எடுத்த நிலவுப் படம் பாடநூலிலும் பனியனிலும் தாராளமாக வருவது அதனால்தான். இங்கே நிலைமை தலைகீழ். நம்முடைய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அரசுப் படைப்பின் முதல் உரிமையாளர் அரசுதான். 28ஆம் பிரிவு அந்த உரிமைக்கு 60 ஆண்டு ஆயுள் தருகிறது. படைப்பு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கு. ஆகவே அதே நிலவை இஸ்ரோ படமெடுத்தால், தனியாக உரிமம் அறிவிக்காதவரை அது அரசின் சொத்து. வரிப்பணம் என்ற வாதம் எனக்கும் பிடித்த வாதம்தான். சட்டம் மாற வேண்டும் என்று பேசும்போது அதைப் பேசு. விவரப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

அமெரிக்காவிலும் “அரசு” என்ற பெயரைப் பார்த்ததும் படத்தை எடுத்துக்கொள்ள முடியாது. 105ஆம் பிரிவு மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. அங்குள்ள அஞ்சல் துறை 1971இல் தனி அமைப்பாக மாறியது. 1978 முதல் வெளியான தபால்தலைகளுக்கு அது பதிப்புரிமை கோருகிறது. அந்தத் துறையே ஒரு வழக்கில் மாட்டிக்கொண்ட கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வாஷிங்டனில் கொரியப் போர் வீரர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகில் செய்த 19 படைவீரர்கள் மழை அங்கியோடு நடந்து போகும் சிற்பத் தொகுதி அது. செதுக்கியவர் ஃபிராங்க் கேலார்ட். பனி கொட்டிய ஒரு காலையில் ஜான் ஆலி என்பவர் அதைப் படமெடுத்தார். 2003இல் போர் நிறுத்தத்தின் 50ஆம் ஆண்டையொட்டி அஞ்சல் துறை அந்த ஒளிப்படத்தை 37 சென்ட் தபால்தலையாக வெளியிட்டது. ஒளிப்படக்காரருக்கு 1,500 டாலர் கொடுத்தார்கள். சிற்பியைக் கேட்கவே இல்லை. கேலார்ட் வழக்குத் தொடுத்தார். பனியும் மங்கலான ஒளியும் சேர்ந்து சிற்பத்தை வேறொன்றாக மாற்றிவிட்டன, ஆகவே இது நியாயப் பயன்பாடு என்று கீழ் நீதிமன்றம் 2008இல் சொன்னது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிற்பமும் தபால்தலையும் ஒரே நோக்கத்துக்காக, அந்த வீரர்களைப் போற்றுவதற்காக, உருவானவை. பனி விழுந்ததால் நோக்கம் மாறிவிடாது என்றது. கடைசியில் அரசு 6,84,000 டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

இந்த வழக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரே தபால்தலைக்குள் மூன்று பேரின் உரிமை அடுக்கடுக்காக இருந்தது: சிற்பியுடையது, ஒளிப்படக்காரருடையது, தபால்தலையை வெளியிட்ட துறையுடையது. மேலே அரசின் பெயர் அச்சாகியிருந்தால் உள்ளே இருப்பவர்கள் காணாமல் போய்விடுவதில்லை. ஆகவே எந்த அரசுப் படத்தை எடுத்தாலும் அதற்குள் வேறு யாருடைய கை இருக்கிறது என்று முதலில் தேடு. சிற்ப விஷயத்தில் நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடத் தாராளமானது என்பதையும் சொல்ல வேண்டும். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட 52ஆம் பிரிவு இடம் தருகிறது. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையை நீயே போய்ப் படமெடுத்து ஏற்றலாம். வேறொருவர் எடுத்த படத்தை எடுத்துப் போடுவது மட்டும் கூடாது.

இனி உன் முத்திரை. அதற்கு ஒரே கதவில் இரண்டு பூட்டு. ஒன்று பதிப்புரிமை. மற்றது, அரசுச் சின்னங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம். ஒன்று திறந்துவிட்டதால் மற்றதும் திறந்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு, ஒன்றைப் பார்த்துப் பயந்து இரண்டையும் விட்டு ஓடுபவர்களும் உண்டு.

இரண்டாவது பூட்டைப் பற்றிப் பேச 2010இல் நடந்த ஒரு கடிதப் போக்குவரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., விக்கிமீடியா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் அனுப்பியது. எஃப்.பி.ஐ. பற்றிய கட்டுரையில் இருக்கும் எங்கள் முத்திரையை எடுத்துவிடுங்கள், அதைப் படியெடுப்பது கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் 701ஆம் பிரிவுப்படி குற்றம் என்று எழுதியிருந்தார்கள். உலகத்தின் வலுவான புலனாய்வுத் துறையிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தால் பலர் அன்றைக்கே படத்தை நீக்கியிருப்பார்கள். அறக்கட்டளையின் தலைமை வழக்கறிஞராக இருந்த மைக் காட்வின் சட்டத்தை எடுத்து முழுவதும் படித்தார். அந்தப் பிரிவு பேசுவது பதக்க வில்லைகள், அடையாள அட்டைகள், அவை போன்ற சின்னங்கள் பற்றி. எஃப்.பி.ஐ. மேற்கோள் காட்டியபோது வில்லை, அடையாள அட்டை என்ற சொற்களை விட்டுவிட்டிருந்தது. போலி அதிகாரியாக நடித்து மக்களை ஏமாற்றுவதைத் தடுக்க வந்த சட்டம் இது, கலைக்களஞ்சியத்தில் படம் போடுவதைத் தடுக்க வந்ததல்ல என்று காட்வின் பதில் எழுதினார். படம் அங்கேயே இருக்கிறது. மிரட்டலுக்கு அவர் குரலை உயர்த்தவில்லை. விடுபட்ட சொற்களைச் சுட்டிக்காட்டினார், அவ்வளவுதான். தம்பி, நம் வேலைக்கு இந்தக் குணம்தான் வேண்டும்.

இந்தியாவில் இதற்கு இணையானது 2005ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சின்னத் தவறான பயன்பாட்டுத் தடைச் சட்டம். உன் படத்தில் கோபுரத்தின் முன்னே இந்திய அரசின் சின்னமான சாரநாத் சிங்கத்தூண் நிற்பதால் இந்தச் சட்டத்தை நீ ஒரு முறையாவது முழுவதும் படித்தாக வேண்டும். அதன் 3ஆம் பிரிவு, அரசோடு தொடர்புடையது அல்லது அரசின் ஆவணம் என்ற எண்ணத்தை உண்டாக்கும்படி சின்னத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்துவதற்கும் தடை உண்டு. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாடு பற்றிய கட்டுரையின் தகவற்பெட்டியில் “இது மாநிலத்தின் முத்திரை” என்று காட்டுவது யாரையும் ஏமாற்றுவதில்லை. அதே கோப்பை ஒருவர் இறக்கிக் காரின் கண்ணாடியில் ஒட்டினால் அது வேறு விவகாரம். அதற்காகத்தான் பொதுவகத்தில் சின்னங்களுக்கென்று ஓர் எச்சரிக்கை வார்ப்புரு இருக்கிறது. அதை உன் கோப்பில் சேர்.

முதல் பூட்டான பதிப்புரிமைக்கு வருகிறேன். இந்த முத்திரையை 1949இல் வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருடையதா, மதுரையுடையதா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. அதை ரசித்துப் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு வரைந்தவர் பெயர் தெரியாது என்பது எனக்கு வருத்தம். உன் விவரப் பக்கத்தில் முதலில் வர வேண்டியது அவர் பெயர். அடுத்து ஆண்டு. அதன்பின், நீ எந்த அச்சுப் படியைப் பார்த்து வரைந்தாயோ அது. கடைசியில், வெக்டர் வடிவம் உன்னுடையது என்ற குறிப்பு. ஏதாவது ஒரு துறையின் பிடிஎஃப் கோப்பிலிருந்து கோட்டின் மேல் கோடு இழுத்து வரைந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுது. பார்த்து அப்படியே இழுத்த கோட்டுக்கும், வர்ணனையைப் படித்துவிட்டு நீயாகப் புதிதாக வரைந்த கோட்டுக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு.

1949இல் அரசு வெளியிட்டதற்கு இந்தியாவில் உரிமை 2009ஆம் ஆண்டு முடிவோடு தீர்ந்தது. இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். விக்கிமீடியாவின் வழங்கிகள் அமெரிக்காவில் இருப்பதால், பிறந்த நாட்டிலும் அமெரிக்காவிலும் படம் கட்டற்றதாக இருக்க வேண்டும் என்பது பொதுவகத்தின் விதி. 1996 ஜனவரி 1 அன்று தாய்நாட்டில் உரிமை உயிரோடு இருந்த வெளிநாட்டுப் படைப்புகளுக்கு அமெரிக்கா உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. இந்தக் காலப்பகுதிப் படைப்புகளுக்கு அது வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு. திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும் 1960இல் வெளியான தபால்தலைகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் அவற்றை யாரும் பயன்படுத்தலாம். அமெரிக்கக் கணக்குப்படி 2055 முடியும் வரை காத்திருக்க வேண்டும். இந்த முரண்பாட்டைப் பற்றிப் பொதுவகத்தில் நீண்ட விவாதங்கள் நடந்திருக்கின்றன. நீ அதில் தலையிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு நாட்டு நிலையையும் உள்ளபடி எழுதிவிடு. நீக்கினாலும் படம் போய்விடாது, அதற்கு வேறு இடம் இருக்கிறது.

அந்த இடம் தமிழ் விக்கிப்பீடியாவே. 2007இல் அறக்கட்டளை எடுத்த முடிவின்படி, ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் கட்டற்றதல்லாத படங்களை அளவோடு வைத்துக்கொள்ள விதி வகுத்துக்கொள்ளலாம். பொதுவகத்துக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. நியாயப் பயன்பாடு என்று நாம் சொல்வது இங்கேதான் வருகிறது. அமெரிக்கச் சட்டத்தின் 107ஆம் பிரிவு நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் ஏற்படும் விளைவு என்று நான்கையும் சேர்த்து எடைபோடச் சொல்கிறது. நம் 52ஆம் பிரிவோ ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி என்று அனுமதிக்கும் நோக்கங்களைப் பட்டியலிட்டுவிடுகிறது. பட்டியலுக்குள் வராததை நியாயம் என்று வாதாடுவது இங்கே கடினம்.

உ.வே. சாமிநாதையருக்கு 2006இல் தபால்தலை வெளியானது. அவர் முகத்தைக் காட்டுவதற்காக அந்தத் தபால்தலையை அவர் பற்றிய கட்டுரையில் போட வேண்டும் என்று உன் நண்பர் கேட்டாராம். கூடாது. அவர் 1942இல் மறைந்தவர். 1946க்கு முன் இந்தியாவில் எடுத்த ஒளிப்படம் இரண்டு நாட்டிலும் கட்டற்றது. கட்டற்ற படம் கிடைக்கும்போது உரிமையுள்ள படத்துக்கு நியாயம் ஏது? அந்தத் தபால்தலையைப் பற்றியே, அதன் வடிவமைப்பைப் பற்றியே, கட்டுரையில் ஒரு பத்தி எழுதியிருந்தால் அப்போது போடலாம். அதுவும் சிறிய அளவில். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ 1 லட்சம் பிக்சல் என்று ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். வாசகர் பார்த்து அறிய அது போதும், அச்சடித்து விற்கப் போதாது.

அரசு இணையதளங்களின் அடியில் “இத்தளத்தின் உள்ளடக்கத்தைக் கட்டணமின்றி மறுபதிப்புச் செய்யலாம்” என்ற அறிவிப்பைப் பார்த்து ஏமாறாதே. மாற்றாமல் அப்படியே போட வேண்டும், தவறான சூழலில் பயன்படுத்தக் கூடாது, முன் அனுமதி பெற வேண்டும் என்று அடுத்த வரிகளில் நிபந்தனை இருக்கும். மாற்றவும் விற்கவும் எல்லோருக்கும் இடம் தராத எதுவும் பொதுவகத்துக்கு உதவாது. 2017 பிப்ரவரியில் இந்திய அரசு அறிவித்த திறந்த தரவு உரிமம் உண்மையிலேயே தாராளமானது. ஆனால் அதுவும் இலச்சினைகளையும் முத்திரைகளையும் பெயர் சொல்லி விலக்கிவிடுகிறது. இந்த உரிமத்தைக் காட்டி முத்திரை ஏற்றியவர்களின் கோப்புகள் நீக்கப்பட்டால் குறை சொல்ல முடியாது.

பிறகு என்னதான் வழி என்று கேட்பாய். கேட்டு வாங்குவதுதான். அரசு கொடுத்த முன்மாதிரி நம் மண்ணிலேயே இருக்கிறது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி பாடல்களின் உரிமையைக் கையகப்படுத்தி, பின்னர் அதை மக்களுக்கே விட்டுக்கொடுத்தது. அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. அந்த நூல்களின் மின்படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் விக்கிமூலத்துக்குத் தந்தது. எழுத்துக்குச் செய்ததைப் படத்துக்கும் செய்ய எந்தத் துறைக்கும் தடையில்லை.

அருங்காட்சியகத் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ எழுதும்போது பொதுவாகக் கேட்காதே. எந்தெந்தப் படம் என்று கோப்புப் பெயரோடு பட்டியல் இணை. “விக்கிப்பீடியாவில் பயன்படுத்த அனுமதி” என்று கேட்டால் அவர்கள் உடனே தந்துவிடுவார்கள், அந்த அனுமதி நமக்குப் பயன்படாது. யாரும், எந்த நோக்கத்துக்கும், மாற்றியும் விற்றும் பயன்படுத்தக் கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுங்கள், படைப்பாளர் பெயர் எப்போதும் குறிப்பிடப்படும் என்று தெளிவாக எழுது. அந்தப் படத்தைத் துறை ஊழியர் பணியில் எடுத்தாரா, வெளியார் ஒப்பந்தத்தில் எடுத்தாரா என்பதையும் கேள். வெளியார் என்றால் உரிமை யாரிடம் என்று ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்லச் சொல். பதில் அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். அதை அப்படியே விக்கிமீடியாவின் தன்னார்வலர் குழுவுக்கு அனுப்பினால் அவர்கள் சரிபார்த்துக் கோப்பில் எண் இடுவார்கள். நாளாகும். அதிகாரி மாறினால் நகலை இணைத்து மறுபடி எழுது. வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்