காற்று மாசுப் படங்களைக் கமக்காரர் வாசிக்கும் முறை

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 8ஆந் திகதி யாழ்ப்பாணம், கொழும்பு முதலிய இடங்களிற் புகைமூட்டம் படிந்தது. மறுநாள் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்நாட்களிலேயே வடக்கிலும் கிழக்கிலும் குளிரினால் மாடுகள் பெருந்தொகையாக இறந்ததையும் கமக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். புகை என்றதும் வைக்கோல் எரிக்கும் கமக்காரனைச் சுட்டுவது பலருக்கு வழக்கம். ஆனால் டிசெம்பரிற் காலபோக நெல் வயலிலே பச்சையாக நிற்கின்றது. எரிப்பதற்கு வைக்கோல் ஏது?

இதற்கு விடை காற்றோட்டப் படத்திற் கிடைக்கும். அப்பொழுது மாண்டஸ் என்னும் சூறாவளி இலங்கைக்குக் கிழக்கே, வங்காள விரிகுடாவில் இருந்தது. வட அரைக்கோளத்திற் சூறாவளிக் காற்றுக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிற் சுழலும். ஆகவே, அதன் மேற்குப் புறத்தில் இருந்த இலங்கைமீது வடதிசைக் காற்று வீசி, இந்தியாவின் மேலிருந்த மாசைக் கொண்டுவந்தது.

இத்தகைய படங்களை இன்று கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். ஐரோப்பாவின் கொப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை, செய்மதிகள் கண்டவற்றையும் வானிலைக் கணக்கையும் சேர்த்து, ஐந்து நாட்களுக்கு முன்கூட்டியே மாசின் போக்கைக் கணித்து வெளியிடுகின்றது. படத்தில் தெரியும் நிறம் அளந்த அளவன்று, கணக்கிட்ட அளவே. அக்கணக்கின் ஒவ்வொரு சதுரமும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் அகலமுடையது. அதாவது 1,600 சதுர கிலோமீற்றர் பரப்புக்கு ஒரே எண். யாழ்ப்பாண மாவட்டம் முழுவதுமே ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர்தான்! கடல் கடந்து வரும் புகையைக் காட்ட இப்படம் போதுமானது. ஆனால் அறுவடை முடிந்தபின், மாசி, பங்குனியில் ஒரு வயலில் மூட்டிய வைக்கோற் புகை அயல்வீட்டுக் குழந்தையை இரவு முழுவதும் இருமவைத்தாலும், அச்சதுரம் பச்சையாகவே இருக்கக்கூடும். படம் பச்சை என்பதனால் அப்புகை தீங்கற்றதாகிவிடாது.

உள்ளூர்த் தீயைக் காண நாசாவின் தீப்புள்ளிப் படம் உதவும். அதன் நுண்ணிய புள்ளி ஒன்று 375 மீற்றர் சதுரத்தைக் குறிக்கும். அச்சதுரம் முழுவதும் எரிந்தது என்பது பொருளன்று. இச்செய்மதிகள் பெரும்பாலும் பிற்பகல் ஒன்றரை மணியளவிலும் பின்னிரவு ஒன்றரை மணியளவிலும் கடந்து செல்கின்றன. மாலை நான்கு மணிக்கு மூட்டி ஐந்து மணிக்கு அணைந்த தீ படத்தில் வராமற் போகலாம். முகிலின் கீழுள்ள தீயும் அவ்வாறே. புள்ளி இல்லாமையைத் தீ இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ளுதல் தவறு.

நிறங்களிலும் ஏமாறலாம். ஒரு படத்தின் சிவப்பு வேறொரு படத்தின் சிவப்பன்று. ஓரத்திலுள்ள நிறப்பட்டையை முதலிற் பார்த்து, அது சுட்டெண்ணா, கனமீற்றருக்கு இத்தனை மைக்கிரோகிராம் என்ற அளவா என அறிதல் வேண்டும். 2.5 மைக்கிரோமீற்றரிலும் சிறிய துணிக்கைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதந்துரைத்த அளவு, 24 மணித்தியாலச் சராசரியாக 15 மைக்கிரோகிராம் ஆகும். படத்தின் நேரம் பெரும்பாலும் கிறீன்விச் நேரமாக இருக்கும். அதனுடன் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் இலங்கை நேரம் வரும். காற்று அம்புகளைப் பார்க்கையில் நிலமட்டக் காற்றையே தெரிவு செய்க. உயரத்துக் காற்று வேறு திசையில் வீசலாம்.

வைக்கோலைப் பற்றியும் ஒரு சொல். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோகிராம் வரை நைதரசன் உண்டு. எரித்தால் அது ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். பொற்றாசியத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இழக்கப்படும். சூட்டடித்த வைக்கோலை ஒரே இடத்திற் குவித்துவிடாது வயலெங்கும் பரப்பி, அடுத்த விதைப்புக்குச் சில கிழமைகளுக்கு முன்னரே ஈர நிலத்தில் உழுது புதைத்தால், அது மட்குவதற்குக் காலம் கிடைக்கும்.