வாங்குவோர் கையும் பால் வெட்டுவோர் கையும்

அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்பவர் குரூணை அடையும் வரையில் சாலையின் இருமருங்கிலும் பெரும்பாலும் நெல்வயல்களையே காண்பார். அதற்கப்பால் பீடோங், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய், கூலிம், கிழக்கே பாலிங் என விரியும் வட்டாரங்களே கெடாவின் பால்மரக் காடுகள். இந்நிலங்களில் ரப்பர் மரம் வேரூன்றியதன் காரணத்தைத் தேடினால், அது நம்மை பெல்பாஸ்ட் நகருக்கு அழைத்துச் செல்கிறது. அங்குக் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் டன்லப் என்பார், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காது ஓட வேண்டுமெனக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்து, 1888ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1908ஆம் ஆண்டில் ஹென்றி போர்டு மலிவான மோட்டார் வண்டியை அமெரிக்கச் சந்தையில் விற்கத் தொடங்கினார். செல்வந்தரின் விளையாட்டுப் பொருளாயிருந்த வண்டி, நாளடைவில் நடுத்தரக் குடும்பத்தின் தேவையாயிற்று. அடுத்த ஆண்டே, பாங்காக் உடன்படிக்கையின்படி, கெடா சயாமியரின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் ஆதிக்கத்திற்கு மாறியது. 1910இல் ரப்பர் விலை ஏறிய ஏற்றத்தில் காடுகள் அழிந்து தோட்டங்களாயின. நம் முன்னோர் கப்பலேறி வந்ததும் அந்த விலையின் பின்னணியில்தான்.

ஆக, எங்கோ வாழும் மக்கள் எதை வாங்கப் பழகுகிறார்கள் என்பது, பெரட்டுக்கு நிற்கும் தொழிலாளியின் வாழ்வைத் தொடக்கம் முதலே வழிநடத்தி வந்திருக்கிறது. இக்கட்டுரையில் அவ்வுறவைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் அறிய வேண்டியது யாதெனில், டயர் வாங்குபவருக்குத் தேவை டயரே. அது மரத்தின் பாலிலிருந்து வந்ததா, மண்ணெண்ணெயின் உடன்பிறப்பான பெட்ரோலியத்திலிருந்து வந்ததா என்பது அவருக்கு ஒரு பொருட்டன்று. 1942ஆம் ஆண்டில் மலாயா ஜப்பானியர் வசமானதும் அமெரிக்காவுக்கு ரப்பர் கிடைக்கவில்லை. அந்நாட்டவர் செயற்கை ரப்பரைப் பேரளவில் செய்யத் தொடங்கினர். போர் முடிந்த பின்பும் அவ்வாலைகள் மூடப்படவில்லை. இயற்கை ரப்பரின் காலம் முடிந்தது என்று பலர் அன்று கருதினர். ஆயினும் ரேடியல் எனப்படும் புதுவகை டயர் பரவியபோது நிலைமை ஓரளவு மாறிற்று. வெப்பத்தையும் வளைவையும் தாங்கும் ஆற்றல் அதற்கு மிகுதியாக வேண்டியிருந்தமையால், இயற்கை ரப்பருக்கு மீண்டும் மதிப்பு வந்தது. பெரிய லாரிகளின் டயரும் விமானங்களின் டயரும் இன்றும் நம் மரத்தை மிகுதியும் நம்பியிருக்கின்றன.

அடுத்த மாற்றம் தோட்டத்தின் உள்ளேயே நிகழ்ந்தது. முதியோர் பலருக்குப் புகைக்கூடம் நினைவிருக்கும். பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தி, தகடுகளாகப் புகையில் உலர்த்துவர். அத்தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணால் பார்த்தே தரம் பிரிப்பர். செயற்கை ரப்பரோ சோதனைச் சாலையில் அளந்து, எண்களோடு வந்தது. டயர் ஆலைகள் எண்களுக்குப் பழகிவிட்டபின் கண்பார்வைத் தரத்தை நம்ப மறுத்தன. இதற்கு விடையாகவே 1965ஆம் ஆண்டில் நம் நாடு எஸ்.எம்.ஆர். என்னும் மலேசியத் தர ரப்பர் முறையைக் கொண்டுவந்தது. தகடு போய், 33⅓ கிலோ எடையுள்ள கட்டிகள் வந்தன. எஸ்.எம்.ஆர். 20 என்பதில் வரும் எண், அந்த ரப்பரில் நூற்றுக்கு 0.20 பங்குக்கு மேல் அழுக்கு இருத்தலாகாது என்று முதலில் வகுக்கப்பட்ட வரம்பைக் குறித்ததாகும். மங்கில் விழுந்த இலையையும் பட்டைத் துணுக்கையும் பொறுக்கி எறியச் சொல்லிக் கங்காணி கடிந்துகொண்டதன் காரணம் இதனால் விளங்கும். அந்தத் துணுக்கின் கணக்கு ஐரோப்பிய ஆலையொன்றின் சோதனைச் சாலை வரை சென்றது. முன்பு கழிவுபோல் மதிக்கப்பட்ட கட்டிப்பால், இம்முறையால் ஆலைகள் தேடி வாங்கும் மூலப்பொருளாயிற்று என்பதையும் மறத்தலாகாது.

கையுறையின் கதை இன்னும் வியப்புக்குரியது. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் முதன்முதலாகப் பதிவாயிற்று. எந்த நோயாளியின் இரத்தத்தையும் தொடுமுன் கையுறை அணிக என 1987இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் மருத்துவப் பணியாளர்க்கு அறிவுறுத்தியது. அறுவை அறையில் மட்டும் இருந்த கையுறை, பல் மருத்துவர், தாதியர், இரத்தம் சோதிப்போர் என அனைவரின் கையிலும் ஏறியது. ஒரு முறை அணிந்து எறியும் பழக்கம் உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் ஆலைகள் புற்றீசல்போல் முளைத்தன. அவற்றுள் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன என்றாலும், எஞ்சியவை உலகின் முதன்மையான கையுறைத் தொழிலை உருவாக்கின.

பின்னர்ப் பயனீட்டாளர் கை மீண்டும் மாறியது. மரப்பாலில் உள்ள சில புரதங்கள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்குவது தெரியவந்தது. கையுறையில் தூவிய மாவு அப்புரதத்தைக் காற்றில் பரப்பியது. ஆதலால் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் நைட்ரைல் கையுறையை மருத்துவமனைகள் கேட்கத் தொடங்கின. மாவு தூவிய கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் அறவே தடை செய்தது. 2020ஆம் ஆண்டில் கோவிட் தொற்று வந்தபோது கையுறை விலை வானளாவ உயர்ந்ததையும், ஈராண்டுக்குள் அது சரிந்ததையும் நாம் அறிவோம். கையுறைக்கு அத்துணைக் கிராக்கி இருந்தும் பால்வெட்டுவோர்க்கு அதே அளவு நன்மை ஏன் வரவில்லை என்று கேட்போருண்டு. அக்கையுறைகளில் பெரும்பகுதி மரப்பாலால் ஆனவையல்ல என்பது ஒரு விடை. மற்றொரு விடை நம் வேலைமுறையிலேயே உள்ளது. கையுறைக்குக் கட்டிப்பால் உதவாது. உறையாதபடி அம்மோனியா கலந்து காத்த பாலைச் சுழற்சி இயந்திரத்தில் இட்டு, நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு ரப்பர் உள்ளதை 60 பங்காகத் திரட்டவேண்டும். அன்றன்று பாலைச் சேகரித்துச் சுமக்க ஆள் வேண்டும். ஆள் குறைந்தபோது, நம் நாட்டு ரப்பரில் பெரும்பகுதியை விளைவிக்கும் சிறுதோட்டக்காரர்கள் மங்கிலேயே பாலை உறையவிட்டுச் சில நாள்களுக்கொருமுறை எடுக்கும் வழக்கத்துக்கு மாறினர். ஆகவே நம் கையுறை ஆலைகள் தமக்கு வேண்டிய மரப்பாலில் பெரும்பகுதியைத் தாய்லாந்திலிருந்து தருவிக்கின்றன.

டயருக்கு வருவோம். அலோர் ஸ்டாரிலேயே ஒரு டயர் ஆலை பல்லாண்டுகள் இயங்கி வந்தது. சைம் டார்பி குழுமத்திடம் இருந்த அவ்வாலையில், 2003ஆம் ஆண்டு முதல் ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் பங்கு கொண்டது. பின்னர் அது அந்நிறுவனத்துக்கே உரியதாயிற்று. 2025ஆம் ஆண்டில் கான்டினென்டல், அவ்வாண்டு இறுதியுடன் அங்கு டயர் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பாதிக்கப்படுவோர் சுமார் 950 பேர் எனக் கூறப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், 1972 முதல் ஷா ஆலாமில் இயங்கிய குட்இயர் ஆலை மூடப்பட்டு, 550 பேர் வேலை இழந்தனர். இவற்றுக்கு ஒரே காரணத்தைக் காட்டுவது முறையாகாது. நிறுவனக் கணக்குகள் பலவகை. எனினும் சந்தையில் நடப்பதை எவரும் காணலாம். வண்டி வாங்குவோர் அகன்ற, பெரிய சக்கரமுள்ள வண்டிகளை நாடுகின்றனர். மின்கலத்தால் ஓடும் வண்டிகள் எடை மிகுந்தவை, சட்டென வேகமெடுப்பவை, டயரை விரைந்து தேய்ப்பவை. 2024 டிசம்பரில் புரோட்டோன் நிறுவனமே தன் முதல் மின்வண்டியை விற்பனைக்கு விட்டது. பழைய அளவுகளுக்கென அமைந்த இயந்திரங்களைப் புதிய அளவுகளுக்கு மாற்றுவது பெருஞ்செலவு. மலிவான இறக்குமதி டயர்களோ கடைதோறும் கிடைக்கின்றன.

ஆலை மூடப்படுவதால் அயலிலுள்ள மரத்தின் பால் விற்காமற் போய்விடாது. ரப்பர் உலகச் சந்தைப் பொருள். ஆனால் பால்வெட்டுத் தொழிலை விட்டு நகருக்குச் சென்ற பிள்ளைகளுக்கு அத்தகைய ஆலைகளே முதற்படி. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா இன்று அவ்விடத்தை நிரப்புகிறது என்றாலும், அங்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி வேறு. வேலை நீக்கப்பட்டோர் ஒன்றைக் கட்டாயம் நினைவிற் கொள்க: 2018 முதல் நடப்பிலுள்ள வேலைக் காப்புறுதித் திட்டத்தின்கீழ் சொக்சோவிடம் உதவி கோரலாம். வேலை போன நாளிலிருந்து 60 நாள்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். வெட்கத்தாலோ அறியாமையாலோ அந்நாள்களைக் கழிய விடுவது பெருந்தவறு.

தோட்டத்தில் உள்ளோர்க்கும் நிலைமை மாறியுள்ளது. முற்காலத்தில் ரப்பர் விலை விழுந்தால் வெட்டுவோர் ஊதியமும் விழுந்தது. 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. 2025இல் அது மாதம் 1,700 வெள்ளியாயிற்று. ஊதியத்துக்கு ஒரு தரை கிடைத்தது. மரத்துக்கு அப்படியொரு தரை இல்லை. விலை கட்டுப்படாத தோட்டங்களில் பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டதைக் கெடாவின் பல தோட்டங்களில் காணலாம்.

இதுவரை பிறர் வாங்கும் பழக்கத்தைப் பேசினோம். நாமும் வாங்குவோரே. நம் பழக்கம் மாறியபோது அதன் அடி யார்மேல் விழுந்தது என்பதையும் நேர்மையாகப் பார்த்தல் வேண்டும்.

தோட்டத்து மளிகைக் கடையில் ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட சிறு புத்தகம் தொங்கும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் அனைத்தும் அதில் ஏறும். சம்பள நாளில் கழியும். மழைக்காலத்தில் வேலை நின்றாலும், இலையுதிர் காலத்தில் பால் குறைந்தாலும், அப்புத்தகமே குடும்பத்தைக் காத்தது. அக்கடைக்காரரைத் தெய்வமாக்கவும் வேண்டுவதில்லை. விலை நகரைவிடக் கூடுதல். கணக்கு அவர் கையில். படிக்கத் தெரியாதவர் அவர் சொன்ன தொகையை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். மோட்டார் சைக்கிள் வந்ததும் இளைஞர் சுங்கைப் பட்டாணிக்குப் போய் வாங்கினர். இன்று நகரங்களிலும் சிற்றூர்களிலும் சங்கிலிக் கடைகள் நிறைந்துள்ளன. அவற்றுள் ஒன்றான 99 ஸ்பீட்மார்ட்டை நிறுவிய லீ தியாம் வா, இளம்பிள்ளை வாதத்தால் நடக்க இயலாதவர்; 1987இல் கிள்ளானில் ஒரு சாதாரண மளிகைக் கடையோடு தொடங்கியவர். 2024 செப்டம்பரில் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றபோது அதற்கு 2,500க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. ஒரு மளிகைக் கடை பல மளிகைக் கடைகளின் இடத்தைப் பிடித்த வரலாறு இது.

அரசாங்க உதவியும் புதிய வழியில் வருகிறது. 2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் 100 வெள்ளி அடையாள அட்டை வழியாகவே வழங்கப்பட்டது. பதிவுபெற்ற கடையில் அட்டையைக் காட்டி அடிப்படைப் பொருள்களை வாங்கவேண்டும். பணம் வேறு வழிகளில் கரையாமல் பொருளாகவே வீடு சேர்ந்தது நன்மையே. ஆனால் பதிவு பெறாத தோட்டத்துக் கடைக்கு அந்த 100 வெள்ளியில் ஒரு காசும் வரவில்லை. அக்கடை மூடப்பட்டால், வண்டியுள்ள மகனுக்கு இழப்பில்லை. லயத்தில் தனித்திருக்கும் பாட்டிக்கே இழப்பு. கடைக்காரர்கள் பதிவுக்கு முயலுமாறு தோட்ட மக்களே வற்புறுத்துவது நலம்.

அடுத்த கட்டம் கைத்தொலைபேசி. 2021 இறுதியில் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபின் பழைய கருவிகளைப் பலர் மாற்றிக்கொண்டனர். அதன் வழியே கடைகள் லயத்துக்குள் வந்துவிட்டன. சேலை, சட்டி, பள்ளிக் காலணி யாவும் பொட்டலமாக வந்து இறங்குகின்றன. விலையை ஒப்பிட்டு வாங்க முடிகிறது. இது முன்பு தோட்டத்தாருக்குக் கிடைக்காத வசதி. ஆனால் அதே கருவியில் 555 புத்தகமும் வேறு உருவில் இருக்கிறது. இன்று வாங்கிப் பின்னர்த் தவணையில் செலுத்தும் முறையில், 40 வெள்ளிப் பொருள் மாதம் 10 வெள்ளியாகத் தெரியும். அவ்வாறு எட்டுப் பொருள் வாங்கியவருக்கு மாதம் 80 வெள்ளி கழிவதைக் கூட்டிக் காட்ட எதிரில் கடைக்காரர் இல்லை. கொடுக்கக் கூடியவரா என்று முகம் பார்த்துக் கடனை நிறுத்தும் மனிதரும் இல்லை. இத்தகைய கடன்களையும் நெறிப்படுத்தவே நாடாளுமன்றம் 2025இல் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் ஒருபுறமிருக்க, ஒவ்வொரு தவணையையும் நாமே ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. பழைய புத்தகத்தின் குறை, அது பிறர் கையில் இருந்ததுதான்.

ஏமாற்றுவோரும் கருவியோடு வந்துவிட்டனர். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி இரகசிய எண்ணைக் கேட்பவர் எவராயினும் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பணம் போய்விட்டதென அறிந்தவுடன் 997 என்னும் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண்ணுக்குத் தாமதமின்றி அழைத்தால், பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு. அன்று மாலை ஆலோசித்து மறுநாள் அழைப்போமென்று இருத்தல் கூடாது.

பொருள் பழுதாக வந்தாலோ, விளம்பரத்தில் கண்டதற்கு மாறாக இருந்தாலோ, விற்பவர் பதில் தர மறுத்தாலோ, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். மின்னியல் வழியே வாங்கிய பொருள்களுக்கும் இது பொருந்தும். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அம்மன்றம் ஏற்கும். வழக்கறிஞர் தேவையில்லை. கட்டணம் 5 வெள்ளி. வாங்கிய நாள், விலை, விற்றவர் பெயர் ஆகியவற்றைக் காட்டும் இரசீதையும், கைத்தொலைபேசியில் உள்ள உரையாடலின் படத்தையும், வந்த பொருளின் படத்தையும் விண்ணப்பத்தோடு இணைத்தல் வேண்டும். ஆதலின் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே படமெடுத்து வைத்துக்கொள்க. படிவத்தை நிரப்ப இடர்ப்படுவோர் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரையோ, தொழிற்சங்கக் கிளைச் செயலாளரையோ அணுகலாம்.