மூச்சுக்கு இடம் எழுதுங்கள்

இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் ‘கான்டுஸ்’ தந்தி வாத்தியங்களுக்கும் ஒரே ஒரு மணிக்கும் எழுதப்பட்டது. 1976 டிசம்பரில் இறந்த இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக 1977இல் உருவானது. அதை எங்கள் விண்ட் பேண்டுக்கு மாற்றி எழுதியபோது நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அனுமதி. காப்புரிமை உள்ள படைப்பு இது; பதிப்பகத்தின் எழுத்துபூர்வ அனுமதி கைக்கு வரும்வரை ஒரு சுரம்கூட எழுதாதீர்கள்.

ஏ மைனர் ஸ்கேல் மேலிருந்து கீழே இறங்குகிறது, அவ்வளவுதான் இசை. ஒரு சுரம்; திரும்ப மேலே போய் இரண்டு; திரும்ப மேலே போய் மூன்று. முதல் வயலின் வாசிப்பதையே இரண்டாம் வயலின் பாதி வேகத்தில், வயோலா அதிலும் பாதியில் என்று போய், டபுள் பாஸ் பதினாறில் ஒரு பங்கு வேகத்தில் இறங்கும்.

வயலின் பாகத்தைக் கிளாரினெட்டுக்கும் செல்லோ பாகத்தை யூஃபோனியத்துக்கும் அப்படியே கொடுத்தேன். முதல் ஒத்திகையிலேயே தவறு தெரிந்தது. ஸ்கேல் மேலே திரும்பும் இடம் மூச்சு எடுக்கத் தோதானது. ஒவ்வொரு பிரிவும் அங்கே சேர்ந்தே மூச்சு எடுத்தது; இசை அறுந்து அறுந்து ஒலித்தது. வில்லுக்கு மூச்சு வாங்காது, மனிதர்களுக்கு வாங்கும்.

அன்றிரவே ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு மூன்று பேருக்குப் பிரித்து, ஒவ்வொருவரும் மூச்சு எடுக்க வேண்டிய இடத்தைத் தனித்தனியாகக் குறித்தேன். நீண்ட சுரத்தின் நடுவில் ஓசையில்லாமல் விலகி, அதேபோல ஓசையில்லாமல் திரும்ப வேண்டும். பக்கத்திலிருப்பவர் விலகும்போது விலகக் கூடாது. “வாசிக்கிறவர்களே பார்த்துக்கொள்வார்கள்” என்று விடாதீர்கள், ஸ்கோரிலேயே எழுதுங்கள்.

அடுத்தது சுருதி. மெல்ல வாசிக்கும்போது புல்லாங்குழலின் சுருதி இறங்கும், கிளாரினெட்டின் சுருதி ஏறும். இரண்டையும் ஒரே சுரத்தில் மென்மையாகச் சேர்த்தால் நடுவில் ஒரு பிளவு கேட்கும். அதனால் மெல்லிய தொடக்கத்தில் இரண்டையும் நான் ஒரே வரியில் வைக்கவில்லை. சத்தம் ஏறிய பிறகு சேர்த்தேன். அப்போது நன்றாகவே ஒட்டியது.

கடைசி இடத்துக்குத்தான் அதிகம் உழைத்தேன். எல்லாப் பாகங்களும் இறங்கி முடித்து, முழுச் சத்தத்தில் ஏ மைனரைப் பிடித்து நிற்கும்போது, மணி மிக மெதுவாகத் தட்டப்படுகிறது. தட்டியது யாருக்கும் கேட்காது. மற்றவர்கள் நிறுத்திய பிறகுதான் அதன் அதிர்வு தனியாக வெளியே வரும். காற்று வாத்தியக்காரர்கள் நாக்கால் நிறுத்தினால் ‘தட்’ என்று ஒரு முடிவு விழுந்து, மணியை விழுங்கிவிடும். “நாக்கு வேண்டாம், மூச்சை மட்டும் விடுங்கள்” என்று எல்லாப் பாகத்திலும் எழுதினேன். நாலாவது ஒத்திகையில் அது கைகூடியது. முப்பத்தைந்து பேரும் நிறுத்திய பிறகு, அறையில் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை யாரும் வாத்தியத்தைக் கீழே இறக்கவில்லை.