போனில் ஒரு படக்கதை: குறைமாதப் பிரசவத்தைத் தடுப்போம்



பிழைப்புத் தேடியும், 1977, 1983 கலவரங்களுக்குப் பயந்தும் மலையை விட்டு இறங்கிய நம் சொந்தக்காரர்கள் பலர் வடக்கு, கிழக்கில் குடியேறினார்கள். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய ஊர்களிலும் அப்படிச் சில குடும்பங்கள் இருக்கின்றன. அண்மையில் அங்கே போய்த் தாய்மாரோடு பேசினோம். ஒரு தங்கச்சி சொன்னாள்: "எட்டாம் மாசம், பொழுது சாயுற நேரம் தண்ணி மாதிரி கசிஞ்சிச்சு. மாமி, 'சூட்டுக்கு அப்பிடித்தான், படு'ன்னாங்க. விடியிற வரைக்கும் படுத்துக் கிடந்தேன்." பிள்ளை இரண்டு நாள்தான் இருந்தது. மாமி கெட்டவர் அல்ல. கசிந்தது பன்னீர்க்குடத்து நீர் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

குறைமாதம் என்றால் என்ன?

37 வாரம் முடியுமுன் பிறக்கும் பிள்ளை குறைமாதப் பிள்ளை. 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடி 34 லட்சம் பிள்ளைகள் இப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. "ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது" என்று லயத்தில் சொல்லுவாங்க. அது பிழை. ஒவ்வொரு வாரமும் கூடக்கூடச் சுவாசப்பை பலப்படும், பிள்ளை பிழைக்கும் வாய்ப்பும் கூடும்.

சில மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்?

1972இல் நியூசிலாந்து வைத்தியர்கள் லிகின்ஸ், ஹோவி இருவரும் ஒரு உண்மையை வெளியிட்டார்கள். குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு ஒருவகை ஊசி போட்டால், வயிற்றுப் பிள்ளையின் சுவாசப்பை சீக்கிரம் முதிரும். இன்றும் 34 வாரத்துக்கு முன் பிரசவம் வரும்போல் இருந்தால் வைத்தியர்கள் அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் ஊசி போட்டு ஒரு நாளாவது கழிந்தால்தான் நல்ல பலன். ஆகவே சீக்கிரம் போக வேண்டும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் அந்த ஊர்ச்சனம் பாதைப் படகில் ஏறித்தான் நீரைக் கடந்தார்கள். இன்று பாலம் இருக்கிறது. ஆனால் 'விடியட்டும்' என்று வீட்டிலேயே இருந்தால் பாலம் இருந்தும் என்ன பயன்?

படக்கதை எதற்கு?

நோட்டீசு கொடுத்தால் வாசிக்காமல் மடித்து வைப்போம். ஆனால் இரும்புக்கை மாயாவியை எழுத்துத் தெரியாதவர்கூடப் படம் பார்த்தே புரிந்துகொண்டார்கள். இந்தியாவில் சரத் சர்மா என்பவரின் 'வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா' அமைப்பு, சாதாரண மக்களே தங்கள் பிரச்சினையை நான்கு கட்டத்தில் வரையப் பழக்கியது. அந்த முறையைத்தான் நாமும் எடுத்தோம். தாளில் வரைந்து, போனில் படம் பிடித்து, குரலும் சேர்த்து அனுப்பினோம்.

முதலில் வரைந்த பெண்ணைப் பார்த்துத் தாய்மார் சிரித்தார்கள். "இவ ஒரு வேலையும் செய்யாத ஆளு மாதிரி இருக்காளே!" விறகுக்கட்டோடு திரும்ப வரைந்தோம். "மாமியாரும் புருசனும் எங்க?" என்று கேட்டார்கள். அவர்களையும் சேர்த்தோம். ஏனென்றால் போவதா இருப்பதா என்று பல வீடுகளில் முடிவெடுப்பது அவர்கள்தான்.

கட்டம் 1: விறகு சுமந்து வரும் கர்ப்பிணிக்கு இடுப்புவலி விட்டு விட்டு வருகிறது.
கட்டம் 2: மாமியார், "சூட்டு வலிதான், கசாயம் குடி" என்கிறார்.
கட்டம் 3: தண்ணீர் கசிகிறது. புருசன் 1990 சுவசெரிய இலவச அம்புலன்சுக்குப் போன் பண்ணுகிறான்.
கட்டம் 4: வைத்தியசாலையில் ஊசி. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

முன்கூட்டியே தடுக்க

1. மாதம் தவறாமல் கிளினிக் போகவும். இரத்த அழுத்தம், சீனி, இரத்தக்குறைவு பார்க்கவும்.
2. சிறுநீர் எரிந்தால் அன்றே மருத்துவமாதுவிடம் சொல்லவும். அந்தக் கிருமி குறைமாதப் பிரசவத்துக்கு ஒரு காரணம்.
3. வெற்றிலையோடு புகையிலை வேண்டாம்.
4. பாரம் தூக்க வேண்டாம். வேலைத்தளத்தில் இலகுவான வேலை கேட்கவும்.
5. ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடைவெளி விடவும்.

இவ்வளவு செய்தும் சிலருக்கு முந்திப் பிறக்கலாம். அது தாயின் குற்றம் அல்ல.

விட்டு விட்டு வலி, தண்ணீர்க் கசிவு, இரத்தம், பிள்ளையின் துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலை. படக்கதை வைத்தியம் பார்க்காது. வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லும், அவ்வளவுதான்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

– இராத்திரியில் வலி கண்டால் யார் போன் பண்ணுவது?
– உங்கள் மாமியாருக்கு இந்த அடையாளங்கள் தெரியுமா?

பிள்ளைக் காம்பராவில் கூடும்போது நான்கு கட்டத்தை நீங்களும் வரையுங்கள். அந்தத் தங்கச்சி இப்போது மறுபடியும் ஐந்து மாதம். படக்கதை அவள் மாமியின் போனிலும் இருக்கிறது.